கீல் கூலிங்கா, ஹீட் எக்ஸ்சேஞ்சரா? குமரிக் கரைப் படகுகளுக்கு ஓர் அலசல்

படகுக்கு எஞ்சின் வாங்கப் போகிறவர் குதிரைத்திறனைக் கேட்பார், டீசல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பார், தவணையையும் கேட்பார். எஞ்சினின் சூட்டை எது ஆற்றப் போகிறது என்பதை மட்டும் விற்பவர் சொல்படி விட்டுவிடுவார். அந்தக் கேள்விக்கு எஞ்சின் கம்பெனியைவிட, படகு கட்டிக் கிடக்கும் துறைமுகமும் அது செய்யும் தொழிலுமே சரியாகப் பதில் சொல்லும் என்பது என் எண்ணம். சின்னமுட்டத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் இழுவைப் படகுக்கும், தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடும் படகுக்கும் ஒரே முறை ஒத்துவராது.

கடல்நீரையே எஞ்சின் பிளாக்குக்குள் ஓடவிடும் நேரடி முறையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உள்ளே படியத் தொடங்கும். அதற்குப் பயந்து எஞ்சினைக் குறைந்த சூட்டிலேயே ஓட்ட வேண்டியிருக்கும். டீசல் எஞ்சினுக்குக் குளிர்ந்து கிடப்பதும் நோய்தான்: டீசல் முழுதாக எரியாது, ஆயிலில் கசடு சேரும். சிறிய பழைய எஞ்சின்களோடு அது போகட்டும்.

உண்மையான போட்டி ஹீட் எக்ஸ்சேஞ்சர், கீல் கூலிங் என்ற மற்ற இரண்டுக்கும் இடையில்தான். இரண்டிலும் எஞ்சினுக்குள் ஓடுவது கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல்நீரைப் பம்ப் மூலம் படகுக்குள் இழுத்து, மெல்லிய குழாய்க் கட்டுக்குள் செலுத்தி, கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேற்றுகிறோம். கீல் கூலிங்கில் கடல்நீர் உள்ளேயே வருவதில்லை. கூலன்ட்தான் ஏராவின் (கீல், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) இருபுறமும் வெளியே பொருத்திய குழாய்கள் வழியாகப் போய்க் கடலில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிறது.

கேட்கும்போது கீல் கூலிங் ஜெயித்துவிட்டதாகவே தோன்றும். கடல்நீர்ப் பம்ப் இல்லை, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் இல்லை, பிளாஸ்டிக் பையோ சொறி மீனோ அடைத்துக்கொள்ள வடிகட்டி இல்லை. மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கருமணலிலும் செம்மணலிலும் கார்னெட் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். கரையோரக் கலங்கல் நீரோடு அது பம்புக்குள் போனால் இம்பெல்லரையும் அதன் கூட்டையும் தேய்த்துவிடும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்ட காலத்தில் உள்ளே வரும் படகுக்கும் இதே கதிதான்.

ஆனால் இழுவலைக்காரர் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கீல் கூலிங் குழாயைத் தாண்டி எவ்வளவு வேகமாகக் கடல்நீர் ஓடுகிறதோ அந்த அளவுக்குத்தான் சூடு இறங்கும். வலையை இழுக்கும்போது படகு மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல்தான் நகர்கிறது. எஞ்சினோ முழுப் பாரத்தில் முக்குகிறது. சூடு அதிகம் பிறக்கும் நேரத்தில்தான் நீரோட்டம் குறைவு. ஓடும் வேகத்தைக் கணக்கிட்டுக் குழாய் நீளத்தை முடிவு செய்திருந்தால், துறைமுகத்திலிருந்து மீன்பிடிக்கும் இடம் போகும்வரை சூடு காட்டும் முள் அசையாது. வலை விழுந்ததும் ஏறத் தொடங்கும். இழுக்கும் வேகத்துக்குக் கணக்கிட்டால் குழாய் நீளும், செலவும் கூடும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு இந்தத் தொல்லை இல்லை. படகு ஓடினாலும் நின்றாலும் எஞ்சின் சுழற்சிக்கேற்பப் பம்ப் தண்ணீர் தரும்.

ஆகவே சின்னமுட்டத்து இழுவைப் படகுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர், தூத்தூர்க்காரரின் தூண்டில் படகுக்குக் கீல் கூலிங் என்பதே என் தீர்ப்பு. கரையிலிருந்து பல நூறு கடல் மைல் தள்ளி நிற்பவருக்கு, பழுதாக வாய்ப்புள்ள பொருள் ஒன்று குறைந்தாலும் லாபம்தான். அவர் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான் வைத்திருக்கிறார் என்றால் மாற்று இம்பெல்லரும் கேஸ்கட்டும் இல்லாமல் கடலுக்குப் போவது பொறுப்பற்ற செயல். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் சிறிது நேரத்திலேயே கருகிச் சிதறும். உடைந்த இதழ்களை ஒன்றுவிடாமல் தேடி எடுக்காவிட்டால் அவை குழாய்க் கட்டின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

பராமரிப்புக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு: சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த 61 நாளும் பெயின்டுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளவர் கடல்நீர்ப் பாதையை நல்ல தண்ணீரால் கழுவி வடித்துவிட வேண்டும். இம்பெல்லரைக் கழற்றி வைக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் இதழ்கள் வளைந்தபடியே நின்றுவிடும். கூலரின் உலோகம் அரிக்காமல், அதற்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் குச்சி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கரையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம், அது உலோகத்தோடு சரியாகத் தொடவில்லை என்று பொருள். குழாய்க் கட்டுக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தக் கூடாது, மரக்குச்சி போதும். அலுமினிய மூடி உள்ள கூலரில் கடை ஆசிட்டை ஊற்றுவதும் வேண்டாத வேலை.

கீல் கூலிங் உள்ளவருக்கு வேலை குறைவு, ஆனால் படகைக் கரையேற்றாமல் முடியாது. குழாயில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் மரத்தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். அதன்மேல் தடித்த பெயின்டைப் பூசுவது குழாய்க்குக் கம்பளி போர்த்துவதற்குச் சமம். தரைதட்டி நசுங்கிய இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குழாய் ஏராவின் அடிமட்டத்துக்கு மேலே அடங்கி நிற்பதே பாதுகாப்பு.

இரு தரப்பாரும் செய்யும் தவறுகள் இரண்டு. குமரியில் பனி உறையாது, கூலன்ட் எதற்கு என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கூலன்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமல்ல. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் வெளிப்புறத்தை நுண்குமிழ்கள் குடையாமல் காக்கும். கடலோரக் கிணற்று உப்பும் சுண்ணாம்பும் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். கசிவு வெளியே தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் குழாய்க் கட்டில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கலாம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

இன்னொன்று, சூடு ஏறினால் உடனே தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து கூலன்ட்டைக் கூலருக்கு அனுப்பும் வால்வு) கழற்றி வீசுவது. பல எஞ்சின்களில், திறந்த தெர்மோஸ்டாட்தான் கூலரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு கூலருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். பாரம் ஏறும்போது முள் முன்பைவிட மேலே போகும். தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறதா என்று அறிய, அதைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்குகிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்த்தால் போதும்.