பார்சலா, சாப்பாடா, குடோனா: பூட்டிய வீட்டுக்கு யார் கூலி தருவது?

அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன், வயது 21, கையில் ஒரு பழைய பைக். "மாமா, பார்சல் டெலிவரிக்குக் கூப்பிடுறாங்க. மாசம் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல வருமாம். போகட்டா?" குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பதினான்கு மாதம் நானும் பார்சல் பை சுமந்தவன். அதனால்தான் என்னிடம் கேட்டான். அவனுக்கு இன்னும் இரண்டு வழி இருந்தது. ஒன்று சாப்பாடு டெலிவரி, இன்னொன்று ஒரகடம் பக்கத்தில் ஒரு குடோனில் பிக்கிங் வேலை, அதாவது ஆர்டருக்கு ஏற்பச் சாமானைத் தேடி எடுத்து வைப்பது.

"வீடு பூட்டியிருந்தா அந்த நடைக்கு யாருடா காசு தருவாங்க?" என்று கேட்டேன். அவனுக்குப் பிடிபடவில்லை. மூன்று வேலைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பார்சலில் கூலி பீஸ் கணக்கு. கொடுத்ததற்குத்தான் காசு, கொண்டுபோனதற்கு இல்லை. காலை ஏழு மணிக்கு ஹப்பில், அதாவது பார்சல்கள் வந்து பிரியும் கிடங்கில், அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பட்டியலான ரன்ஷீட்டை வாங்கி, முதலில் போகும் தெரு மேலே வருகிற மாதிரி பையைத் தலைகீழாக அடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு முகவரி. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 27 என்று இரண்டு இருக்கும். ஆர்டர் போட்டவர் 27 என்று போடுவார், கேட்டில் 14 மட்டும் எழுதியிருக்கும். அந்தத் தெருவிலேயே இன்னொரு வீட்டுக்குப் பழைய எண் 27. அங்கே போய் பெல் அடித்தால் நாய்தான் வரும். உரிய ஆள் போனை எடுத்து, "ஆபீஸ்ல இருக்கேன் அண்ணா, நாளைக்கு வாங்க" என்பார். அன்றைக்குப் போன நடைக்கு எனக்குக் காசு கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். பார்சலுக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 70 ஏற்றி 58 கொடுத்தால் நாளுக்கு 870. 26 நாளைக்கு 22,620. ஹப்பில் சொன்ன கணக்கு இதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அவன் வீட்டிலிருந்து ஹப் போய், ஏரியா சுற்றித் திரும்ப 60 கிலோமீட்டர் ஆகும். 45 மைலேஜ் தரும் பைக்குக்கு, லிட்டர் நூறைத் தாண்டிய விலையில், நாளுக்கு 135 ரூபாய் பெட்ரோல். மாதம் 3,510. ஆயில், பிரேக் ஷூ, செயின், டயருக்கென்று 1,500 ஒதுக்கியே ஆக வேண்டும். மிச்சம் 17,610. வண்டிக்கு ட்யூ இருந்தால் அதுவும் போகும்.

கேஷ் ஆன் டெலிவரி வேறு. சாயங்காலம் ஹப்பில் பணம் எண்ணும்போது 500 குறைந்தால் அது நம் தலையில். நானும் ஒருமுறை கட்டினேன். எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

குடோனை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 16,000, அதில் பேசிக் 12,000 என்றால், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம் 1,440, ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) முழுச் சம்பளத்தில் 0.75 சதவீதம் 120 போக, கைக்கு 14,440. பையனுக்கு இது பெரிய பள்ளமாகத் தெரிந்தது. ஆனால் அந்த 1,440 அவன் பேரில்தான் சேர்கிறது. அதைக் கூட்டினால் 15,880. வித்தியாசம் 1,730 ரூபாய்தான். கம்பெனி தன் பங்குக்குப் போடும் 12 சதவீதத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. கம்பெனி பஸ் வந்தால் பெட்ரோலும் மிச்சம்.

ஈஎஸ்ஐ பற்றி 21 வயதுப் பையனிடம் பேசினால் காது கொடுக்க மாட்டான். அதனால் மழையில் நான் விழுந்த கதையைச் சொன்னேன். பல்லாவரத்தில் மூடி சரியில்லாத ஒரு மேன்ஹோல். கணுக்காலில் முடி அளவுக்கு விரிசல், ஆறு வாரம் கட்டில். அந்த ஆறு வாரமும் வருமானம் பூஜ்யம், மூன்றாம் வாரம் என் ஏரியா வேறு ஆளுக்குப் போய்விட்டது. இதே காயம் ஈஎஸ்ஐ உள்ள வேலையில் பட்டிருந்தால் சிகிச்சை இலவசம், வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வந்திருக்கும். வேலையில் படும் காயத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

பைக் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றான். தனியார் இருசக்கர வாகனப் பாலிசித் தாளைப் பிரித்து, எதற்கெல்லாம் ஓட்டலாம் என்ற பகுதியைப் படிக்கச் சொன்னேன். வாடகைக்கு ஓட்டுவதும், சொந்தச் சாமான் தவிர்த்த சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். முதுகில் 40 கிலோ பையோடு இடித்துவிட்டு க்ளெய்ம் கேட்கப் போனால் அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார்கள். சேரும் முன், விபத்துக் காப்பீடு யார் எடுத்துத் தருகிறார்கள், எத்தனை லட்சம் என்று ஹப்பில் கேட்டுத் தாளாக வாங்க வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது ஆப் வழியாக டெலிவரி மாதிரி வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு, நல வாரியம் வந்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். பார்சலோ சாப்பாடோ, எதில் சேர்ந்தாலும் முதல் வாரமே வாரியத்தில் பதிந்துவிடு என்றேன். ஆனாலும் மாதாமாதம் சம்பளச் சீட்டில் பிடித்துக் கட்டும் ஈஎஸ்ஐக்கு அது ஈடு இல்லை.

குடோன் ஒன்றும் சொர்க்கமில்லை. எட்டு ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும், கையில் ஸ்கேனர் நிமிடத்தை எண்ணிக்கொண்டே இருக்கும், வாரம் மாறி நைட் ஷிஃப்ட். பெரும்பாலும் காண்ட்ராக்டர் மூலம்தான் எடுப்பார்கள். சிலர் பிஎஃப் என்று பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. முதல் சம்பளத்தோடு யுஏஎன் என்ற பிஎஃப் கணக்கு நம்பரும் ஈஎஸ்ஐ நம்பரும் கைக்கு வராவிட்டால் மேலே நான் போட்ட கணக்கு முழுவதும் செல்லாது.

சாப்பாடு டெலிவரியில் சுமை இல்லை, வேண்டும்போது லாகின், வேண்டாவிட்டால் ஆஃப். பூட்டிய வீடும் அபூர்வம், பசித்தவன் வாசலிலேயே நிற்பான். அங்கே காசில்லாத நேரம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது: பிரியாணிக் கடை வாசலில் பார்சல் கட்டும்வரை நிற்கும் இருபது நிமிடம். பணம் மதியமும் ராத்திரி ஏழிலிருந்து பதினொன்று வரையும்தான். மீதி நேரம் மரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இன்சென்டிவுக்கு இரண்டு ஆர்டர் குறையும்போது ரெட் சிக்னல் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே எனக்கு இதில் மனசு இல்லை. கல்லூரி படித்துக்கொண்டே ஓட்டுபவனுக்குச் சரிப்படும். இவன் படிக்கவில்லை.

தபால் துறையின் கிராம டாக் சேவக் வேலையை நடுவில் அக்கா இழுத்தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் அளவுகோல், தேர்வு கிடையாது. இவன் மார்க்கைச் சொன்னதும் நானும் அக்காவும் பேச்சை மாற்றிவிட்டோம்.

பார்சல் எடுபடும் இடமும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹப், லிஃப்ட் உள்ள பெரிய அபார்ட்மெண்ட் நாலைந்து, வாட்ச்மேனிடமே பத்துப் பார்சல் கொடுக்கலாம் என்ற ஏரியா அமைந்தால், மத்தியானம் இரண்டு மணிக்கு 80 பார்சல் முடித்துவிட்டுத் தூங்கப் போகிற ஆளை எனக்குத் தெரியும். அப்படி ஏரியா கிடைத்தால் குடோனை நானே வேண்டாம் என்பேன். புது ஆளுக்கு அது கிடைக்காது. புது லேஅவுட், தெருப் பெயர்ப் பலகை வைக்காத குறுக்குத் தெருக்கள்தான் கிடைக்கும்.

எந்த ஏரியா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "சேருங்க தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்களாம். ஒருநாள் பழைய ஆள் ஒருவரோடு பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். போனான். ராத்திரி எட்டரைக்கு போன்.

"மாமா, 63 ஏத்துனோம், 44 தான் ஆச்சு. ஒரு அம்மா மட்டும் தண்ணி குடுத்தாங்க."

"காலு எப்படி இருக்கு?"

"அது கெடக்கட்டும். குடோனுக்கு திங்கக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. நைட் ஷிஃப்ட்டுக்கு பஸ் தாம்பரம் வரைக்கும்தான் வருமாம். அங்கேருந்து வீட்டுக்கு எப்படி மாமா வர்றது?"