ஜெலட்டின் டப்பா வாங்கலாமா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு விமர்சனம்

ஜெலட்டின் என்பது புட்டிங், ஜெல்லி உறைய வைக்கிற தூள். பலசரக்குக் கடையில் அதைக் கேட்டால் "ஜெல்லியா?" என்று கலர் பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார்கள். அது வேண்டாம், அதில் பெரும்பங்கு சர்க்கரை. இனிப்பும் எசன்ஸும் சேராத வெறும் தூள் கேக் சாமான் விற்கும் கடையில்தான் கிடைத்தது. 100 கிராம் டப்பா, 200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

வாங்க வைத்தது மைனி அனுப்பிய ரீல். "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முந்தி ஜெலட்டினைக் கரைச்சுக் குடிச்சுப் பாரு, எடை குறைக்கிற ஊசி போடாமலே எடை குறையுதாம்" என்றார்கள்.

செய்முறை எளிது, ஆனால் வரிசை மாறக்கூடாது. ஒரு மேசைக்கரண்டித் தூளை கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் பரவலாகத் தூவி ஐந்து நிமிடம் விட வேண்டும். தூள் தண்ணீரை உறிஞ்சி, ஈர மணல் மாதிரி உப்பி நிற்கும். அப்புறம் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் சுத்தமாகக் கரைந்துவிடும். நேராக வெந்நீரில் கொட்டினால் வெளியே பசை, உள்ளே தூள் என்று கட்டிகட்டியாகிவிடும். எந்தக் கரண்டிக்கும் மசியாது. எலுமிச்சை பிழிந்துதான் குடித்தேன். சூடாக இருக்கும்போது எலும்பு வேகிற வாசம் லேசாக மூக்கில் ஏறுகிறது.

ஃபிரிட்ஜில் உறைய வைத்துத் துண்டு போட்டுத் தின்பது எவ்வளவோ மேல். ஆனால் 35 டிகிரி வந்தாலே இளகிவிடும் சரக்கு இது. நம்மூர் சித்திரை வெயிலில் டிபன் பாக்ஸில் ஆபீசுக்குக் கொண்டுபோனால் மத்தியானம் திறக்கும்போது தண்ணீர்தான். வேகவைக்காத அன்னாசி, பப்பாளி போட்டால் உறையவே உறையாது. அவற்றிலுள்ள நொதி ஜெலட்டினின் புரதத்தை வெட்டிவிடும்.

அம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அசைவ முத்திரை போட்டிருக்குல்லா!" என்றாள். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், சரிதான். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கொழகொழவென்று உறையுமே, அதே சங்கதி. எந்த விலங்கு என்று டப்பாவில் ஒரு வரி இல்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஒரு நட்சத்திரத்தை அதற்கே குறைத்துவிட்டேன். நான் வெளியே முட்டை சாப்பிடுகிறவள், ஆனால் வீடு சைவ வீடு. டப்பா அன்றைக்கே அடுப்பங்கரையை விட்டு வெளியேறியது.

சரி, பலன்? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தால் வயிறு அடைத்த மாதிரிதான் இருக்கிறது, இரண்டாம் தடவை சோறு கேட்கத் தோன்றவில்லை. நாலு மணிக்குப் பசி வட்டியும் முதலுமாக வந்து நிற்கிறது. எடை மிஷினில் முள் நகரவில்லை. ஒரு மேசைக்கரண்டியில் இருப்பது சுமார் 6 கிராம் புரதம். ஒரு முட்டையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் முட்டையில் உடம்புக்கு அத்தியாவசியமான அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டுகள்) எல்லாம் உண்டு. ஜெலட்டினில் அவற்றில் ஒன்றான டிரிப்டோஃபேன் அறவே கிடையாது. முட்டை விலையையும் இந்த டப்பா விலையையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ரீலில் சொன்ன ஊசி, அதாவது செமாகுளூடைடு, ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் போல வேலை செய்து வாரம் முழுக்கப் பசியை அடக்குகிற மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்துப் போடுவது. அதையும் இந்தத் தூளையும் ஒன்றாகப் பேசுவது ஏமாற்று வேலை.

ஐந்துக்கு இரண்டு. புட்டிங் செய்ய என்றால் நாலு கொடுப்பேன்.

சைவக்காரர்கள் கடல்பாசி வாங்குங்கள். நோன்பு மாதத்தில் மேலப்பாளையம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். கடல் தாவரத்திலிருந்து வருவது, நார்ச்சத்து, உறைந்த பிறகு வெயிலுக்கு அசையாது. புரதம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரில் நன்றாகக் கொதித்தால்தான் கரையும். கரைந்ததும் இறக்கி, சூடு ஆறுவதற்குள் இளநீரைச் சேர்த்துவிடுங்கள். பாலும் சர்க்கரையும் ஊற்றினால் அது பலகாரக் கணக்கில் போய்விடும்.