ஸ்கேட்டிங் பிரேக் மாற்ற 1,850 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், புதுச்சேரிக்காரர்கள் கவனிக்கவும்

இன்று காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, என் 11 வயது மகள் விழுந்தாள். தப்பு அவள் மேல் இல்லை. 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரன் மாட்டிக் கொடுத்த பிரேக், ஓடும்போதே கழன்று போனது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்லைன் ஸ்கேட்டில் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கிற ஷூ) பெரும்பாலும் வலது காலின் குதிகால் பக்கம் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அந்தக் காலை முன்னே நீட்டி, விரல் பக்கத்தைத் தூக்கிக் குதிகாலை அழுத்தினால், கட்டை தரையில் உரசி வேகம் குறையும். உரச உரசத் தேயும். தேய்மானக் கோட்டைத் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கிற போல்ட் தார் ரோட்டைத் தொடும். பாப்பாவுடையதில் அந்தக் கிர்ர் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. காலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரம்தான், ஆனால் வாக்கிங் வருகிற பெரியவர்கள் எத்தனை பேர்! பிரேக் இல்லாமல் எப்படி அனுப்புவது?

நகருக்குள் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கேரம் போர்டு, மட்டை, கோப்பை எல்லாம் விற்பார்கள். போன சனிக்கிழமை போனேன். அவன் கீழே உட்கார்ந்து, பாப்பா காலை எடுத்துத் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டு, "எத்தனாவது படிக்கிற பாப்பா?" என்று கேட்டான். தேய்ந்த போல்ட்டைக் காட்டி, "பாருங்கக்கா, இன்னும் நாலு நாள் விட்டிருந்தா புள்ளைக்குப் பல்லு போயிருக்கும்" என்றான். அங்கேதான் விழுந்தேன். என் பிள்ளையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். ஒரிஜினல் கட்டை சென்னையிலிருந்து வரணுமாம். 1,850 ரூபாயையும் அங்கேயே ஜிபேயில் போட்டேன். "பில் போட்டா வரி சேருமேக்கா" என்றான், அதற்கும் தலையாட்டினேன். என் புத்தியைச் சொல்லணும்.

நேற்று சாயங்காலம் ஸ்கேட் கைக்கு வந்தது. டியூஷனுக்கு நேரமாகிவிட்டதால் போட்டுப் பார்க்கவில்லை.

இன்று இரண்டு தடவை நின்றாள். மூன்றாவது அழுத்தலில் கட்டை திரும்பிக்கொண்டு தெறித்து ஓடியது. ஹெல்மெட்டும் மணிக்கட்டில் மாட்டுகிற ரிஸ்ட் கார்டும் இருந்ததால் முழங்கை சிராய்ப்போடு போனது. கட்டையை எடுத்துப் பார்த்தால், வேறு ஏதோ கம்பெனிக் கட்டையை ரம்பத்தால் அறுத்து, ஓட்டையை அராவிப் பெரிதாக்கியிருக்கிறான். போல்ட் நட் இருக்க வேண்டிய இடத்தில் மரத்தில் அடிக்கிற ஸ்க்ரூ!

ஒன்பது மணிக்கு போன் செய்தேன். "மேடம், பாப்பா அழுத்துற விதம் சரியில்ல." அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். நேரில் போனால் முதலாளி சாப்பிடப் போயிருக்கிறாராம். பதினோரு மணிக்கு என்ன சாப்பாடோ! பன்னிரண்டரை வரை நின்றுவிட்டுத் திரும்பவும் போன் செய்தேன். "அதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது மேடம்." பழைய போல்ட்டையாவது கொடு என்றேன், குப்பையில் போட்டாச்சாம். சாயங்காலம் கூப்பிட்டபோது, "ஹலோ, யாரு?" போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 1,850 ரூபாய்!

என்ன செய்யணும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒரு கம்பெனிக் கட்டை இன்னொன்றில் உட்காரும் என்று நம்பாதீர்கள், மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சரியான கட்டை கிடைத்தால் ஆலன் கீ (ஆறு பட்டை முனை உள்ள சின்னத் திருகுச் சாவி) வைத்து வீட்டிலேயே மாற்றிவிடலாமாம், இப்போதுதான் தெரிகிறது. பழைய போல்ட்டைக் கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பில், பில், பில். பிள்ளையைக் கடை வாசலிலேயே இரண்டு தடவை பிரேக் போடச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். என் கையில் இருப்பது ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் யாரிடமாவது பழைய ஸ்கேட் சும்மா கிடந்தால், அந்த பிரேக் போல்ட் நீளத்தை அளந்து சொல்லுங்களேன்.