வாத்துக் கொட்டிலுக்கு ஆட்டுப் பரண் ஸ்லாட் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் கொட்டில் முழுக்கப் போட வேண்டியதில்லை, போட்டால் காசுக்குத்தான் கேடு. பரண் மேல் ஆடு வளர்க்கிறவர்கள் தரைக்குப் போடுகிற பிளாஸ்டிக் ஸ்லாட் இருக்கிறதே, புழுக்கை கீழே விழுவதற்காக நீள நீளமாக இடைவெளி விட்டிருக்கும், அதை வாங்கி வீட்டுக்குப் பின்னால் மணிலா வாத்துகளுக்குப் போட்டிருக்கிறோம். ஐப்பசி மழை, சித்திரை வெயில் இரண்டையும் பார்த்தாகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கோழி வளர்த்த பழக்கத்தில் வாத்து வாங்குகிறவர்களுக்கு முதலில் திகைப்பாக இருப்பது ஈரம்தான். கோழி எச்சம் காய்ந்துவிடும், சீமாறால் கூட்டிவிடலாம். வாத்து எச்சத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அது போதாதென்று ஒரு வாய் தீனி எடுத்ததும் தண்ணீர்ச் சட்டிக்கு ஓடி, அலகை முழுசாக முக்கி, தலையை உதறி, சட்டியில் இருந்ததில் பாதியைக் கீழே கொட்டிவிட்டுத்தான் திரும்பும். ஆழமில்லாத தட்டு வைத்து இதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் கழுவிக்கொள்ள அதற்குத் தலை முங்குகிற ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் கண் ஒட்டிப்போய்ப் புண்ணாகும். ஆக, நாற்றத்துக்கு மூல காரணம் எச்சத்தைவிட இந்தத் தண்ணீர்தான். உமி நனைந்தால் அம்மோனியா கிளம்பி நம் கண்ணே எரியும், அதன் மேலேயே வாத்து படுத்திருக்கும். பூஞ்சை பிடித்தால் நுரையீரலுக்கும் ஆபத்து.

அதனால் தண்ணீர் எங்கேயோ, ஸ்லாட் அங்கே. இரவில் தீனி வைக்காவிட்டால் கொட்டிலுக்குள் தண்ணீரும் தேவையில்லை, வளர்ந்த வாத்து விடியும்வரை தாங்கும், காலையில் சீக்கிரம் திறந்துவிட்டால் சரி. எங்கள் ஸ்லாட் இருப்பது வெளியே, அவை உலாவுகிற வேலிக்குள், ஒரு சிறு கூரைக்குக் கீழே. ஹாலோ பிளாக் மேல் ஏற்றி வைத்து நடுவில் தண்ணீருக்கு ஒரு அன்னக்கூடைப் பாத்திரம். சிந்துகிற தண்ணீர் இடுக்கு வழியே இறங்கி, கீழே சரிவாகப் பூசிய சிமெண்ட் தரையில் ஓடி வாழைக்குப் போய்விடுகிறது. சட்டியைச் சுற்றிச் சகதி இல்லை, அந்த ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும். சகதி இருந்தால் வாத்து சும்மா விடாது, அலகை விட்டுக் குடைந்து குடைந்து ரெண்டே நாளில் குழியாக்கிவிடும்.

இனி குறைகள். கடையில் மேல்பக்கத்தைத்தான் காட்டுவார்கள், வாங்குவதற்கு முன் ஒரு பலகையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பலத்துக்காகக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் ஓடும். தவிடும் எச்சமும் குழைந்து அந்த மூலைகளில் பச்சையும் பழுப்புமாக அப்பிக்கொள்ளும், மேலே எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் ஈ மொய்ப்பது அங்கேதான். காலை ஈரத்தோடு ஓஸ் பைப்பை அடித்தால் வழித்துக்கொண்டு போய்விடும். உச்சி வெயில் வரை விட்டால் சுவர்ப்பூச்சு மாதிரி இறுகிவிடும், அப்புறம் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான். வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கவிழ்த்து வெயிலில் போடுங்கள். கழற்றும்போது ஓரக் கொக்கி ஜாக்கிரதை. எங்களுக்கு வந்த பலகைகளிலேயே சிலவற்றில் கொக்கி உடைந்திருந்தது, மாற்றித் தரச் சொன்னதற்குக் கடையில் இழுத்தடித்தார்கள். இறக்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குவது நல்லது.

வழவழப்பானது வேண்டவே வேண்டாம். வாத்துக்கு உடம்பு கனம், கால் பலவீனம், வழுக்கினால் நொண்டிவிடும். மேலே சொரசொரப்பாகப் புள்ளி வைத்தது கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். சதுர அடிக் கணக்கில்தான் விற்கிறார்கள், 100 ரூபாய்க்கு மேலே ஆகும். கம்பி வலை மலிவுதான், ஆனால் விரல் ஜவ்வைக் கிழித்துவிடும், பாதம் வீங்கினால் ஆற ரொம்ப நாளாகும். குஞ்சுகளை ஸ்லாட் பக்கமே விடக்கூடாது, இடுக்கில் கால் இறங்கிவிடும்.

படுக்கிற இடத்துக்கு உமியை மிஞ்ச எதுவும் இல்லை. மூன்று நான்கு அங்குலம் பரப்பி, தினமும் காலையில் ஒரு கிளறு கிளறி, நனைந்ததை மட்டும் அள்ளிவிட்டு மேலே காய்ந்த உமி தூவினால் போதும். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும், உமி என்றால் முட்டை அழுக்காகாமல் கிடைக்கும். மணிலா வாத்து 35 நாள் அடை உட்காரும், பிளாஸ்டிக் மேல் அதை உட்கார வைப்பது பாவம். சுண்ணாம்பு தூவுவதென்றால் ஸ்லாட்டுக்குக் கீழே மட்டும் தூவுங்கள், ஈர உமியில் தூவினால் கால் வெந்துபோகும். கடலைத் தொலி இலவசமாகக் கிடைத்தாலும் படுக்கைக்குப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையில் வருகிற அஃப்ளாடாக்சின் விஷத்தை வாத்து கொஞ்சமும் தாங்காது, கடலைப் புண்ணாக்கைத் தீனியில் சேர்க்க வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான்.

இரண்டு மூன்று வாத்துதான் என்றால் ஸ்லாட்டே வாங்க வேண்டாம். பழக்கடையில் ஓரம் உடைந்த பிளாஸ்டிக் கிரேட் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதைக் கவிழ்த்து, கீழே ஒரு கூடை ஜல்லி கொட்டி, மேலே தண்ணீர்ச் சட்டியை வைத்துவிடுங்கள்.