“ராங்க் கிளீனர்” என்று தந்தால் முதுகுச் செட்டையை எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள்

யாழ்ப்பாணத்தில் அலங்கார மீன் வாங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறுவது, “ராங்க் கிளீனர்”, அதாவது தொட்டியைத் துப்புரவாக்கும் மீன், என்று சொல்லி விற்பதில்தான். இரண்டடித் தொட்டியில் கோல்ட் ஃபிஷ் வைத்திருப்பவர், கண்ணாடியில் பாசி பிடிக்குது என்று போய்ச் சொல்வார். உடனே மூன்று அங்குலக் கறுப்பு மீன் ஒன்று பையில் ஏறும். “ராங்க் கிளீனர் அண்ணை. பாசியும் தின்னும், மற்ற மீனின்ர கழிவும் தின்னும். உவ்வளவுதான் வளரும். சாப்பாடே போடத் தேவையில்லை.”

இதில் பாசி தின்னும் என்பது மட்டும் உண்மை, அதுவும் குஞ்சாக இருக்கும்போதுதான் நன்றாக. அந்த மீன் பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ்: உடம்பெல்லாம் எலும்புத் தகடு மூடிய தென்னமெரிக்கக் கெளிறு. ஒரு அடியைத் தாண்டி வளரும். இரண்டடித் தொட்டியின் அகலமே ஒரு அடிதான். வளர்ந்த மீன் உடம்பைத் திருப்ப இடமில்லை. கழிவைத் தின்னாது, நூல் நூலாகத் தானே கழிவு போடும். பாசி முடிந்து பசி எடுத்தால் இரவில் கோல்ட் ஃபிஷின் விலாவில் ஒட்டிச் சளியை உறிஞ்சும். விடியப் பார்த்தால் செதில் போய்ச் சிவந்த திட்டு. கடையில் போய்க் கேட்டால் “வருத்தம் பிடிச்சிட்டுது” என்று ஒரு போத்தல் மருந்தும் விற்பார்கள்.

சின்னத் தொட்டிக்கு ஏற்றது அன்சிஸ்ட்ரஸ், அதாவது வளர்ந்தபின் மூக்கில் மீசை முளைக்கும் பிரிஸில்நோஸ். ஐந்து அங்குலம் அளவில் நின்றுவிடும். அந்தப் பெயரைச் சொல்லி டெரிகோப்ளிக்திஸ் குஞ்சைத் தள்ளிவிடுவது அடுத்த ஏமாற்று. “மீசை பிறகு வரும்” என்பார்கள். அது பொய்யில்லை, குஞ்சில் மீசை இராது. அதனால்தான் மீசையை நம்ப முடியாது. முதுகுச் செட்டை விரியும்வரை பொறுத்திருந்து போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். முன்னால் நிற்கும் கட்டி முள்ளை விட்டுவிட்டு செட்டையை விரித்துப் பிடிக்கும் மற்றக் கதிர்களை (ஈர்க்கு மாதிரி இருக்கும்) எண்ணுங்கள். ஏழு என்றால் அன்சிஸ்ட்ரஸாக இருக்கலாம். பத்து, பதினொன்று என்று போனால் அது பாய்மரம் மாதிரிச் செட்டை விரிக்கும் பெரிய இனம், வேண்டாம்.

அதே நேரம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றையும் பாருங்கள். உள்ளே குழிந்திருந்தால் நாட்கணக்கில் பட்டினி கிடந்த மீன். அது தேறுவது அரிது. வலையால் அள்ள விடாதீர்கள், செட்டை முள் சிக்கும். சிக்கினால் இழுக்காமல் வலையை வெட்டுங்கள். பை இரட்டையாக இருக்கட்டும், முள் குத்தும்.

சாப்பாடு: விளக்கு அணைத்த பிறகு, இலேசாக அவித்த கெக்கரிக்காய்த் துண்டைக் கல்லில் கட்டி அடியில் போடுங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அடியில் தாழும் மீன் தீனி வில்லையும், அரித்துத் தின்ன ஒரு மரக்கட்டையும் வேண்டும்.

தண்ணீர்தான் எங்கள் ஊரில் பெரிய சிக்கல். கேத்திலில் வெள்ளைப் படிவு விடும் சுண்ணாம்புத் தண்ணீரை இந்த மீன்கள் ஓரளவு தாங்கும். ஆனால் வலிகாமத்துத் தோட்டப் பக்கக் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று ஏறியிருக்கிறது. குடிநீருக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையையே தாண்டும் கிணறுகள் உண்டு. அந்தத் தண்ணீரால் எத்தனை தரம் மாற்றினாலும் தொட்டியில் நைத்திரேற்று குறையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்ற இன்னும் செறியும். தொட்டியைச் சோதிக்க முதல் கிணற்றைச் சோதியுங்கள். கூடுதலாக இருந்தால் மழைத்தண்ணீரோ ஆர்ஓ (வடிகட்டி உப்பு நீக்கிய) தண்ணீரோ பாதிக்குப் பாதி கலவுங்கள்.

மீன் அடிக்கடி மேலே பாய்ந்து காற்றை விழுங்கினால் ஒட்சிசன் போதாது. வெக்கை நாளில் கரண்ட் போனால் முதலில் நடப்பது அதுதான். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று வைத்திருங்கள்.

பெரிய இனத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டால் ஆறடிக்குக் குறையாத தொட்டியோ, வலை மூடிய சீமெந்துத் தொட்டியோ தேவை. முடியாவிட்டால் இடமுள்ள ஒருவருக்குக் கொடுங்கள். “குளத்தில விடுங்கோ” என்று விற்றவர்களே சொல்வார்கள், விடாதீர்கள். இது கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை இடியும். கண்டிக்குப் பக்கத்திலுள்ள பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில், தற்செயலாகப் போய்ச் சேர்ந்த இந்த இன மீன் பெருகியிருக்கிறது.