பட்ஜெட் கணினிக்கு எந்த வழி, எந்த டிஸ்க்? பழைய பிளாப்பியையும் சேர்த்து ஓர் அலசல்

குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு கணினி வேண்டும் என்றால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. புதிய பாகங்களை வாங்கி நாமே அசெம்பிள் செய்வது ஒன்று. அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த டெஸ்க்டாப்பை வாங்கி, ராமையும் டிஸ்க்கையும் மட்டும் மாற்றிக்கொள்வது இன்னொன்று. இன்டெல் என்100 போன்ற சிறிய பிராசஸருடன் வரும் மினி பிசி மூன்றாவது. இவற்றை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் பிராசஸரில் தொடங்கி பிராசஸரிலேயே முடிந்துவிடுகிறது. நான் டிஸ்க்கிலிருந்து தொடங்குகிறேன். பட்ஜெட் கணினியை உட்கார்ந்து பயன்படுத்தும்போது கை உணர்கிற வேகம் அங்கிருந்துதான் வருகிறது. கணினி பழுதாகி ஓரமாய்ப் போன பிறகும் நமக்கு வேண்டியது டிஸ்க்கில் இருப்பதுதான்.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். நாம் கேட்ட தகவல் இருக்கும் இடம் சுழன்று, அதைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக 4.17 மில்லி விநாடி ஆகும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர 8, 9 மில்லி விநாடி. கூட்டிப் பார்த்தால் ஒரு விநாடியில் ஏறத்தாழ 80 இடங்களைத்தான் அதனால் எட்டிப்பிடிக்க முடியும். ஒரே பெரிய வீடியோ கோப்பை ஓட்டும்போது இந்தக் குறை தெரியாது. விநாடிக்கு 150 எம்பிக்கு மேல்கூட வரும். ஆனால் விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் டிஸ்க்கின் மூலைக்கொன்றாகக் கேட்கப்படுகின்றன. அப்போது எவ்வளவு நல்ல பிராசஸர் போட்டிருந்தாலும் அது சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கும்.

சுழலும் பாகமே இல்லாத, சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு 0.1 மில்லி விநாடி அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பழைய கணினி திடீரெனப் புதிதானது போல் தோன்றுவது இதனால்தான். தொடர்ந்து படிக்கும் வேகம் விநாடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும், அது சாட்டா இணைப்பின் எல்லை. என்விஎம்இ, அதாவது மதர்போர்டின் வேகமான பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் ஓடும் எஸ்எஸ்டி, அந்த எல்லையைத் தாண்டி, மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் 3500 எம்பி, நான்காம் தலைமுறையில் 7000 எம்பி வரை போகிறது. எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வீட்டு வேலையில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரிவது அரிது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவது பெரிய தாவல், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவது சின்ன அடி.

அப்படியானால் சாட்டாவே போதுமா? மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (குச்சி வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இல்லையென்றால் தாராளமாகப் போதும். ஸ்லாட் இருந்தால் நான் என்விஎம்இயைத்தான் சொல்வேன். அதற்கான காரணம் 3500 எம்பி இல்லை. விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் டிராம் சிப் இருக்காது. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ளத்தான் அந்த சிப். அது இல்லாத என்விஎம்இ, கணினியின் ராமில் கொஞ்சத்தைக் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டா எஸ்எஸ்டிக்கு அந்த வசதி கிடையாது. அடிமட்ட விலையில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய உண்மையான வித்தியாசம் இதுதான். அப்புறம் ஒரு எச்சரிக்கை: சில பழைய மதர்போர்டுகளின் எம்.2 ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். உள்ளே பொருந்தினால் வேலை செய்யும் என்று நினைத்துவிடாமல், மதர்போர்டு கையேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சி வகை எஸ்எஸ்டியில் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால், உள்ளிருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். வீடியோ எடிட் செய்கிறவர்கள் செல்லுக்கு மூன்று பிட் மட்டும் வைக்கும் டிஎல்சி வகையைப் பார்த்து வாங்குவது நல்லது.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

புதிதாக அசெம்பிள் செய்வதில் எனக்குப் பிடித்த விஷயம் எல்லாமே பொது அளவில் இருப்பது. ஏடிஎக்ஸ் என்ற பொது அளவிலான பவர் சப்ளை எரிந்துபோனால் எந்தக் கம்பெனியின் ஏடிஎக்ஸ் சப்ளையையும் வாங்கி அதே 24 பின் பிளக்கைச் செருகலாம். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு 2021-ல் வந்த ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசஸர் இன்னும் நல்ல தேர்வு. 6 கோர், சுமாரான விளையாட்டுகளை ஓட்டும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு பாதையில் தகவல் போகும்போது விளையாட்டின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். 5600ஜி உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது, அதன் மேம்படுத்தும் பாதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி வரும் ஆண்டுகளிலும் பிராசஸரை மாற்ற நினைப்பவர்கள் ஏஎம்5-க்குப் போகலாம். அதற்கு டிடிஆர்5 ராம் கட்டாயம், செலவும் கூடும்.

கழித்துவிட்ட அலுவலக டெஸ்க்டாப்தான் கொடுத்த காசுக்கு அதிகம் தருவது. படிப்பு, எழுத்து, கணக்கு, இணையம் என்றால் நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகள் அதற்கு முந்தியவை என்பதால் மலிவாகக் கிடைக்கும். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு அவை நல்ல வாய்ப்பு. ஒரு எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் இருந்தால் நன்றாகவே ஓடும்.

அந்தப் பெட்டிகளின் குறை உள்ளே ஒளிந்திருக்கிறது. மூடியைத் திறந்து பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயரைப் பாருங்கள். பல மாடல்களில் 24 பின் பிளக்குக்குப் பதிலாக 6 பின்னோ 8 பின்னோ உள்ள, அந்த மாடலுக்கே உரிய பிளக் இருக்கும். மதர்போர்டின் திருகு ஓட்டைகளும் பொது அளவில் இருக்காது. பவர் சப்ளை போய்விட்டால் அதே மாடலின் பழைய சப்ளையைத் தேடி அலைய வேண்டும். ஒல்லியான பெட்டிகளில் இது இன்னும் மோசம், முழு உயர கிராபிக்ஸ் கார்டும் நுழையாது. அதனால் இடம் இருந்தால் டவர் வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். இன்னொரு லாபமும் உண்டு: இந்தப் பழைய டவர்களில் டிவிடி டிரைவ் பெரும்பாலும் கூடவே வரும். இன்றைய புதிய கேஸ்களில் அதைப் பொருத்தும் 5.25 இன்ச் இடமே அநேகமாகக் கிடையாது.

மினி பிசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் வந்த என்100-க்கு 4 கோர், குறிக்கப்பட்ட மின் அளவு 6 வாட்தான். வீடியோ, இணையம், எழுத்து எல்லாம் தாராளமாக ஓடும், சத்தமும் குறைவு. ராமுக்கு ஒரே பாதைதான் (சேனல்), பல மாடல்களில் ஒரே ஸ்லாட், சிலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இரவும் பகலும் ஓட வேண்டிய வேலைக்கு இது சரி. கழற்றி மாற்றிப் பழக நினைப்பவர்களுக்குச் சரிவராது.

மூன்று வழிகளிலும் நான் முக்கியமாகப் பார்ப்பது, ஒரு பாகம் போனால் வேறு எங்கிருந்தாவது எடுத்துப் பொருத்த முடியுமா என்பதைத்தான். இந்தக் கேள்வியின் அருமை, மறைந்துபோன சேமிப்பு வகைகளைத் திரும்பிப் பார்த்தால் புரியும்.

3.5 இன்ச் பிளாப்பியும் ஜிப் டிரைவும் மோதிய கதையைப் பாருங்கள். பிளாப்பியின் கொள்ளளவு 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட்: மொத்தம் 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்பி என்றார்கள். 1994-ல் ஐயோமேகா கொண்டுவந்த ஜிப் டிஸ்க் ஒன்றில் 100 எம்பி கொள்ளும், அதாவது ஏறக்குறைய 70 பிளாப்பி. வேகமும் பல மடங்கு. அளவு, வேகம் இரண்டிலும் போட்டியே இல்லை. இருந்தும் பிளாப்பிதான் நீடித்தது. ஜிப் டிஸ்க்கை நண்பரிடம் கொடுத்தால், அதைப் படிக்கும் டிரைவையும் அதன் கேபிளையும் சேர்த்தே சுமந்து போக வேண்டியிருந்தது. பிளாப்பி டிரைவோ எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருந்தது. அதே காலத்தில் வந்த எல்எஸ்-120 இன்னும் கெட்டிக்காரத்தனமானது. 120 எம்பி டிஸ்க்கையும் சாதாரண பிளாப்பியையும் ஒரே டிரைவில் படிக்கும். அதனிடம் பழையவற்றைப் படிக்கும் திறமை இருந்தது. அதன் டிஸ்க்கைப் படிக்கும் திறமை மற்றவர்களின் டிரைவுக்கு இல்லை. அதுவும் போனது. கடைசியில் ஜிப்பை ஓரங்கட்டியது சிடிதான். சிடி டிரைவ் எல்லா வீட்டுக் கணினியிலும் வந்துவிட்ட பிறகு, எழுதக்கூடிய சிடியின் விலையும் இறங்கியது.

பிளாப்பியின் வாழ்க்கையும் சுகமானதல்ல. விண்டோஸ் 95 பிளாப்பியில் வந்தபோது 13 டிஸ்க்குகள். முதலாவதைத் தவிர மற்றவற்றில் வழக்கத்தைவிட அதிகம் அடைக்க 1.68 எம்பி அளவில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போய், பத்தாவதில் ஒரு பிரிவு கெட்டிருந்தால் முந்தைய ஒன்பதும் வீண். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் அந்த மரமரவென்ற சத்தத்துக்குப் பிறகு திரையில் ‘அபார்ட், ரீட்ரை, ஃபெயில்’ என்று வந்தால், ரீட்ரையை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் பலர். அதற்கும் முன்னால், 1982-ல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளில் ஆடியோ கேசட்டிலிருந்து ஒரு 48 கேபி விளையாட்டை ஏற்ற 5 நிமிடம் வரை ஆகும். அந்தப் பொறுமையோடு ஒப்பிட்டால் இன்றைய மிக மலிவான எஸ்எஸ்டியும் அபார முன்னேற்றம்தான்.

சிடியா டிவிடியா என்ற ஒப்பீடு, பழைய தட்டுகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் பயன்படும். சிடியில் 700 எம்பி, டிவிடியில் 4.7 ஜிபி என்பது தெரிந்ததுதான். தகவல் அடுக்கு இருக்கும் இடம்தான் பலருக்குத் தெரியாது. சிடியில் அது லேபிள் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குச் சற்றே கீழே இருக்கிறது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. அதனால் சிடியின் அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வாய்ப்புண்டு. பெயர் எழுதிய மேல்பக்கத்தில் ஆழமான கீறல் விழுந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான். உங்கள் சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை போல் ஒளி வந்தால் அங்கே அடுக்கு உரிந்திருக்கிறது. ஒட்டியிருக்கும் காகித லேபிளைப் பிய்த்து எடுக்கவே கூடாது, அடுக்கும் கூடவே வந்துவிடும். இரண்டும் கையில் இருந்தால் முதலில் எழுதக்கூடிய சிடிகளை நகலெடுங்கள், டிவிடி சற்றுக் காத்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எடுக்க வேண்டியவை பிளாப்பிகள். சோனி 2011-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் 3.5 இன்ச் டிஸ்க்கைப் படித்துவிடும். செருகுவதற்கு முன் மூலையிலிருக்கும் சின்னக் கதவை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள், அப்போதுதான் தவறுதலாக எதுவும் எழுதப்படாது. 5.25 இன்ச் டிஸ்க்குக்கு இந்த எளிய வழி இல்லை. ஓடும் நிலையிலுள்ள பழைய டிரைவும், கிரீஸ்வீசல் போன்ற யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றும் தேவைப்படும். அகலமான ரிப்பன் கேபிள் கொண்ட ஐடிஇ ஹார்டு டிஸ்க்குக்கு யூஎஸ்பி மாற்றி கிடைக்கிறது. 3.5 இன்ச் டிஸ்க் என்றால் 12 வோல்ட் சப்ளையும் கூட வரும் மாற்றியாகப் பார்த்து வாங்கி, டிஸ்க்கின் ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாஸ்டரில் வைத்துவிட்டு இணையுங்கள். டிஸ்க் தடுமாறினால் கோப்பு கோப்பாக இழுக்காமல் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூவில் முழு டிஸ்க்கையும் ஒரே படிமமாக எடுத்துவிட்டு, அந்தப் படிமத்திலிருந்து கோப்புகளைப் பிரித்துக்கொள்ளலாம். கெட்ட இடங்களைத் தாண்டி, நல்லதை முதலில் எடுத்துத் தரும்படியே அது எழுதப்பட்டிருக்கிறது.

எடுத்ததை எங்கே வைப்பது? இங்கே எஸ்எஸ்டியைவிட ஹார்டு டிஸ்க்கையே தேர்ந்தெடுப்பேன். வீட்டுக் கணினி வகை எஸ்எஸ்டிக்கு, தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல்படி, குறித்த எழுதும் அளவு முழுதும் தீர்ந்த பிறகு மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட அதிக நாள் தாங்கும் என்றாலும், அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகும் பேக்கப்புக்கு அது சரியான இடமில்லை. வெளியில் வைக்கும் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே நகலை வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைத்துப் படித்துப் பாருங்கள். ஃபார்மட் செய்யும்போது எக்ஸ்ஃபாட் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் திறக்கும், ஃபாட்32-வில் இருக்கும் 4 ஜிபி கோப்பு வரம்பும் இடைஞ்சல் செய்யாது. அடிக்கடி அழித்து எழுதப்போகிறீர்கள் என்றால் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து, தடங்களைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் வகையைக் கேளுங்கள். ஒருமுறை எழுதி எடுத்துவைக்கும் பேக்கப்புக்கு மலிவான எஸ்எம்ஆர் டிஸ்க்கே போதும்.