மல்லேஸ்வரமா, மதுரையா, ‘அப்புறம் பார்க்கலாமா’?

எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் கடப்பாக்கல் நடுவில் விரிசல் விட்டு ஒன்பது வருடம் இருந்தது. மாற்ற ஐயாயிரம் ரூபாய்கூட ஆகாது. ஆனாலும் மாற்றவில்லை. ‘எப்படியும் பெங்களூர் போயிருவோம், வீட்டை வாடகைக்கு விடும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்’ என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டோம். போன ஜனவரியில் கல்லை மாற்றினோம். பெங்களூர் போகப்போவதில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டது அதற்கு முந்தைய வாரம்.

வேறு ஊரில் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, போகவும் முடியாமல் விடவும் மனம் வராமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் முன்னால் மூன்று வழிகள் உண்டு. கிளம்பிவிடலாம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஆசையைப் பத்திரமாக வைத்திருக்கலாம். விட்டுவிடலாம். நாங்கள் இரண்டாவது வழியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு மூன்றாவதற்கு வந்தவர்கள். முதலாவதையும் ஏட்டில் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2004இல் கணக்கு வேலைப் பயிற்சிக்காக ஆறு மாதம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். வயது 22. அந்தப் பேட்டையின் பெரிய தெரு சம்பிகே ரோடு. சம்பிகே என்றால் நம் செண்பகம். அதற்கு இணையாகப் போவது மார்கோசா ரோடு, அதாவது வேப்பமரத் தெரு. எட்டாவது கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், சாயங்காலம் பூவும் காயும் குவிந்திருக்கும். நடந்தே சேங்கி ஏரிக்குப் போவேன். 1882இல் வெட்டிய ஏரி அது. காடு மல்லேஸ்வரர் கோயிலை எழுப்பியவர் சிவாஜியின் தம்பி வெங்கோஜி என்றும், தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவரும் அவர்தான் என்றும் அங்கே கேட்டபோது, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் என்பதால் ஜூன் மாதத்தில் போர்வை வேண்டும். மதுரைக்காரிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் என்னை அங்கே இழுத்தது குளிர் மட்டும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக நடந்து போனேன், ‘எங்கம்மா போற’ என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை மறந்துவிடாதீர்கள், கணக்கில் பிறகு வரும்.

2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. பீன்யா பெரிய தொழிற்பேட்டை. அவருக்கு லேத் வேலை, புதூர் சிட்கோவில் சொந்தப் பட்டறை. கூடப் படித்த ஒருவர் பீன்யாவில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார். வீடு மல்லேஸ்வரத்தில், வேலை பீன்யாவில், நடுவில் மெட்ரோ. கோடு போட்டதுபோல் பொருந்தியது. அந்த வருடம்தான் எங்கள் திட்டம் பிறந்தது.

பணம்

கிளம்புவதற்கான கணக்கு சுலபம். 2023இல் கடைசியாகப் பார்த்த இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 36,000, அட்வான்ஸ் ஆறு மாதம். முன்பெல்லாம் பத்து மாதம் கேட்பது அங்கே வழக்கம், இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் மதுரை வீட்டை விட்டால் 12,000 வரும். ஆக, கூரைக்கு மட்டும் மாதம் 24,000, வருடத்துக்கு 2,88,000 கூடுதல் செலவு. அப்புறம் பள்ளிக்கூடம். அப்புறம் வண்டி: ஒரு வருடத்துக்கு மேல் அங்கே ஓட்டினால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றி ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இவ்வளவும் கஷ்டம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். முடியுமா முடியாதா என்று ஒரு ராத்திரியில் உட்கார்ந்து முடிவெடுத்துவிடலாம்.

தள்ளிப்போட்டதன் செலவு எந்தப் பில்லிலும் வரவில்லை, அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. அட்வான்ஸுக்கென்று 3 லட்சத்தை பேங்கில் டெபாசிட் போட்டு, அதைத் தொடக்கூடாது என்று வைத்திருந்தோம். 2016இல் பக்கத்துப் பட்டறைக்காரர் கம்ப்யூட்டரில் ஓடுகிற பழைய சிஎன்சி மெஷின் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றார். வாங்கினால் பட்டறை இங்கேயே வேர்விட்டுவிடும் என்று அவர் வாங்கவில்லை. அதை வாங்கியவரிடம் இன்றைக்கு நான்கு மெஷின் நிற்கிறது. என் ஆபீஸில் பங்குதாரராகச் சேரச் சொன்னார்கள், ஐந்து வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன், அந்த யோசனை முடியவே இல்லை. போயிருந்தால் வருடத்துக்கு மூன்று லட்சம் போயிருக்கும், பதிலுக்கு அந்த ஊர் கிடைத்திருக்கும். நாங்கள் அந்த ஊரும் கிடைக்காமல், இந்த ஊரிலும் முழுசாகக் காலூன்றாமல் அதைவிட அதிகம் செலவழித்திருக்கிறோம்.

விட்டதற்கு ஆன செலவு, கடப்பாக்கல் 4,200.

பிள்ளையின் தமிழ்

மூன்று வழிகளில் எதைப் பற்றி யோசிப்பவராக இருந்தாலும் வீட்டில் குழந்தை இருந்தால் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது.

2014இல் கிளம்பியிருந்தால் பையனுக்கு இரண்டு வயது. தெருவில் விளையாடியே கன்னடம் பேசியிருப்பான், பள்ளியிலும் படித்திருப்பான். வீட்டில் தமிழை நாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அல்சூர் பக்கம் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். அங்கே ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 வருடம் துணி மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த மக்கள் தமிழைக் காப்பாற்றிய விதத்தில் நாமும் காப்பாற்றியிருப்போம். வெளியூரில் இருக்கிறோம் என்ற உணர்வே அந்த முயற்சியைச் செய்ய வைக்கும்.

இங்கேயேதான் என்று அப்போதே முடிவெடுத்திருந்தால், சாதாரணமாகத் தமிழ் முதல் மொழியாகப் படித்திருப்பான்.

நாங்கள் செய்தது வேறு. எந்த வருடம் மாற்றினாலும் சிக்கல் வரக்கூடாது என்று சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்து, இந்தியை இரண்டாம் மொழியாக எடுக்க வைத்தோம். தமிழ் மூன்றாம் மொழியாக ஓரமாகப் போனது. இப்போது அவனுக்கு 13 வயது. மதுரையிலேயே பிறந்து, மாசி வீதியைத் தாண்டாமல் வளர்ந்தவன், சித்திரைத் திருவிழா அழைப்பிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். போகாத ஊருக்காக இருக்கிற ஊரின் மொழியை அவனிடமிருந்து எடுத்துவிட்டோம். இப்போது தினமும் அரை மணி நேரம் நானும் அவனும் செய்தித்தாள் படிக்கிறோம். சரியாகிவிடும், ஆனால் அந்த எட்டு வருடம் வராது.

தண்ணீர், வெயில்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதை வைத்துத்தான் ஆசையைக் கைவிடுகிறார்கள். அது சரியான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, நகரத்தின் ஏறக்குறைய 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் கிட்டத்தட்டப் பாதி வறண்டுவிட்டதாக அரசே சொன்னது. சொந்தக்காரர்கள் போன் போட்டு, ‘நல்லவேளை நீங்க போகல’ என்றார்கள். ஆனால் அதிகம் தவித்தது காவிரிக் குழாய் போய்ச் சேராத வெளிவட்டப் பகுதிகள். அந்த அக்டோபரிலேயே காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கிவிட்டது. வெயிலும் அப்படித்தான். 2016 ஏப்ரலில் அங்கே 39.2 டிகிரி அடித்தது உண்மை. அது அந்த ஊருக்கு அதிசயம், மதுரைக்கு அது சாதாரண மே மாதம். ஆசைப்பட்ட ஊரை மட்டம் தட்டித்தான் அதை விட வேண்டும் என்பதில்லை. அது இன்றும் எனக்குப் பிடித்த ஊர்.

மனிதர்கள்

கிளம்பினால் கிடைப்பது, முன்னால் சொன்னேனே, அந்தக் கேள்வி கேட்காத தெரு. தங்கினால் கிடைக்காதது அதுதான். பன்னிரண்டு வருடமாக ஒரே தெருவில் இருக்கிறேன். வாசலில் கால் வைத்தால் மூன்று பேர் விசாரிப்பார்கள். இது எனக்கு இன்றும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. விட்டுவிட்டதில் நான் நிஜமாகவே இழந்தது இது ஒன்றைத்தான். இதற்கு மதுரையில் மாற்று கிடையாது.

அதே தெருவின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சுவலி. வீட்டுக்காரர் ஒரு வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். எதிர்வீட்டு அண்ணன் நான் கூப்பிடுவதற்குள் ஆட்டோவைத் திருப்பி நிறுத்திவிட்டார். அவர் மனைவி பையனைத் தூக்கத்தோடு தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இது பெங்களூரில் நடக்காது என்று சொல்லமாட்டேன், அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஓர் எதிர்வீடு அமைய எங்களுக்கு அங்கே பத்து வருடம் ஆகியிருக்கும், அத்தைக்கு அந்தப் பத்து வருடம் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அத்தை ஒருநாள் சொன்னார்: “எனக்காக நிக்காத தாயி. நீ போறதுன்னா போ. நான் என் மக வீட்டுல இருந்துக்கிறேன்.”

“உங்களுக்காக நிக்கல அத்தை.”

“அப்ப எதுக்குத்தான் நிக்கிற?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது வழியில் இருப்பவர் யாரிடமும் இருக்காது. போகாததற்கு அத்தையைக் காட்டினோம், பையனின் படிப்பைக் காட்டினோம், கொரோனாவைக் காட்டினோம். ஒவ்வொன்றும் அந்தந்த வருடத்தில் நியாயம்தான். பதினொரு நியாயங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, நாங்கள் இருவருமே போக விரும்புவது நின்றுபோய் ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று தெரிந்தது. ஆசை 22 வயதுப் பெண்ணுடையது. அவள் கேட்டதை நான் சுமந்துகொண்டிருந்தேன்.

நான்காவது வழி?

‘ரிட்டயர் ஆனதும் போகலாமே’ என்று தோழி ஒருத்தி கேட்டாள். அது இரண்டாவது வழிதான், தேதி மட்டும் தள்ளியிருக்கிறது. அறுபது வயதில் தெரியாத ஊரில் டாக்டரையும் வேலையாளையும் தேடுவது முப்பதில் தேடுவதைவிடக் கடினம். பணமும் பிள்ளைகளும் அங்கே இருந்தால் வேறு கதை.

யார் எதை எடுக்கலாம்

வயது முப்பதுக்குள், வேலை அங்கே கையில் இருக்கிறது, பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கிறார்கள் என்றால் கிளம்பிவிடுங்கள். யோசிக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம், போனது அட்வான்ஸில் ஒரு பகுதியோடு நிற்கும். போகாமல் இருந்துவிட்டு ஏங்குவதைவிட அது மலிவு.

தள்ளிப்போடுவது ஒரே நிலைமையில் சரி: தேதி இருந்தால். ‘அடுத்த வருடம் ஜூன், பள்ளி திறப்பதற்கு முன்’ என்று சொல்ல முடிந்தால் அது திட்டம். சொல்ல முடியாமல் இரண்டு வருடம் தாண்டிவிட்டால் விட்டுவிடுவதைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.

விடுவதற்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மனசுக்குள் சொன்னால் போதாது. நாங்கள் டெபாசிட்டை உடைத்தோம், அவர் மெஷினுக்கு முன்பணம் கட்டினார். வீடு பார்த்துத் தந்த புரோக்கருக்குப் போன் செய்து இனி வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் போனுக்கு அப்புறம் அரை மணி நேரம் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு, அந்த ஊரில் எனக்கு வேண்டியிருந்தவற்றில் எதெல்லாம் இங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. போகப்போகிற ஊருக்கு நூலகம் எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். அங்கேயும் யாரும் எதுவும் கேட்பதில்லை. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடக்கிறேன். குளிருக்கு வழியில்லை, டிசம்பரில் பஸ் ஏறிக் கொடைக்கானல் போனால்தான் உண்டு.

பெங்களூருக்கு விருந்தாளியாகப் போவது மிச்சம் இருந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியிலிருந்து மதுரையில் காலையில் ஏறினால் எட்டு மணி நேரத்தில் கன்டோன்மென்டில் இறக்கிவிட வந்தே பாரத் ஓடுகிறது. பழைய மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி தூங்கிக்கொண்டும் போகலாம். போன ஆகஸ்டில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு மூன்று பேரும் போனோம். மறுநாள் மல்லேஸ்வரம். பதினொரு வருடமாக அந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் ‘வாடகைக்கு’ போர்டு தொங்குகிறதா என்று அண்ணாந்தே பார்த்திருக்கிறேன். இந்த முறை எட்டாவது கிராஸில் பூக்காரம்மாவிடம் பேரம் பேசாமல் இரண்டு முழம் வாங்கி வைத்துக்கொண்டு, ஏரிவரைக்கும் நடந்தேன். பையன், “அம்மா, நீ தங்கியிருந்த ஹாஸ்டல் எது?” என்று கேட்டான். காட்டினேன். இப்போது அங்கே வேறு கட்டடம் நிற்கிறது.